கன்ட்ரோல் குரூப்பும் சாப்பிடத்தான் செய்கிறது

போன மாதம் இரண்டு இளம் ஆய்வாளர்கள் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். ஆரம்பக்கட்டப் புராஸ்டேட் புற்றுநோய் உள்ள ஆண்களுக்கு ஆறு மாதம் உணவை மாற்றிக் கொடுத்து, பிஎஸ்ஏ, அதாவது புராஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் விடும் ஒரு புரதத்தின் அளவு, இறங்குகிறதா என்று பார்க்கப் போகிறார்களாம். நாலாவது பக்கத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல வருஷம் முன்னால் நானே எழுதிய பக்கம் அது, தப்புகளோடு சேர்த்து.

நெறிமுறைக் குழு அனுமதி, சம்மதப் படிவம், எத்தனை பேர் தேவை என்ற கணக்கு, இதெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நான் அதைத் தொடப்போவதில்லை. இப்படிப்பட்ட உணவு ஆய்வுகளில் வழக்கமாக நடக்கும் தப்புகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இந்த ஆண்கள் யார் என்று மட்டும் ஒரு வார்த்தை. கட்டி சின்னது, மெதுவாக வளரும் வகை. அதனால் உடனே கத்தி வைக்காமல் பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ, அவ்வப்போது பயாப்ஸி (ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துப் பார்ப்பது) என்று கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். வேறு சிகிச்சை எதுவும் குறுக்கே வராது என்பதால் உணவைச் சோதிக்க இதைவிடத் தோதான ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். வம்பும் அங்கேதான் இருக்கிறது.

பிஎஸ்ஏ இறங்கினால் ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பது

மாதுளைச் சாறு கதை தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். 2006-இல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. சிகிச்சைக்குப் பிறகும் பிஎஸ்ஏ ஏறிக்கொண்டிருந்த ஆண்கள் தினமும் ஒரு கிளாஸ் மாதுளைச் சாறு குடித்தார்கள். பிஎஸ்ஏ இரட்டிப்பாக எடுக்கும் காலம் 15 மாதத்திலிருந்து 54 மாதமாக நீண்டது. கடைகளில் சாறு பறந்தது. ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவே, அதாவது கன்ட்ரோல் குரூப்பே, இல்லை. பிறகு போலிச்சாறு குடித்த குழுவையும் வைத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள், 2015-இல் முடிவு வெளிவந்தது. குழுக்களுக்கு நடுவே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. போலிச்சாறு குடித்தவர்களுக்கும் அந்தக் காலம் நீண்டிருந்தது!

பிஎஸ்ஏ கொஞ்சம் எகிறியதும் பயந்துபோய்த்தான் மனுஷன் ஆய்வில் வந்து சேருகிறார். எகிறியது தானாகவே கொஞ்சம் இறங்கும். சிறுநீர்த் தொற்று, நீண்ட சைக்கிள் பயணம், முந்தின நாள் தாம்பத்தியம், எதுவும் அந்த எண்ணை ஆட்டிவிடும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவது

2005-இல் அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷின் குழு வெளியிட்ட ஆய்வில் 93 ஆண்கள். கொழுப்பு குறைந்த முழுச் சைவம், சோயா, மீன் எண்ணெய், நடை, யோகா, தியானம், குழுவாக உட்கார்ந்து பேசுவது என்று அத்தனையும் ஒன்றாக. ஒரு வருஷத்தில் பிஎஸ்ஏ 4 சதவீதம் இறங்கியது, மற்ற குழுவில் 6 சதவீதம் ஏறியது. நல்ல ஆய்வுதான். ஆனால் வேலை செய்தது சோயாவா, நடையா, தியானமா? அதிலிருந்து உங்களால் பிரித்தெடுக்க முடியாது.

கன்ட்ரோல் குரூப் சும்மா இருக்கும் என்று நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

எங்கள் பைலட் ஆய்வு, அதாவது சின்ன முன்னோட்ட ஆய்வு, தக்காளி பற்றியது. எண்ணெயில் வதக்கிய தக்காளியிலிருந்து லைகோபீன் என்ற சிவப்பு நிறச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்பதால் ஒரு குழுவுக்கு வகுப்பு, சமையல் குறிப்பு, வாரம் ஒரு போன். இன்னொரு குழுவுக்கு ஒரு மடிப்புத் தாள். இரண்டு குழுவையும் ஒரே செவ்வாய்க்கிழமை, ஒரே வராண்டாவில் உட்கார வைத்தேன். இடம் இல்லை என்பது அன்றைக்கு நல்ல காரணமாகத் தெரிந்தது.

மூன்றாவது மாதம் கன்ட்ரோல் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் மேசை முன் வந்து நின்றார். "ஏம்மா, அவருக்கும் எனக்கும் ஒரே வியாதிதானே? அவருக்கு கிளாஸ் எடுக்கிறீங்க, எனக்கு மட்டும் ஒரு பேப்பரா?" என்னிடம் பதில் இல்லை. அவர் மனைவி பதில் வைத்திருந்தார். கைப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். மேலே எண்ணெய் மிதக்கும் தக்காளித் தொக்கு. "பக்கத்துல உட்கார்ந்திருந்த அக்கா உங்க சமையல் குறிப்பு பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பினாங்க. தினம் ரெண்டு வேளை குடுக்கிறேன். சரியா இருக்கா, பாருங்க மேடம்."

சரியாகத்தான் இருந்தது. வகுப்புக்கு வந்தவர்கள் செய்ததைவிடப் பக்குவமாகவே இருந்தது.

கடைசியில் ரத்தத்தில் லைகோபீன் பார்த்தபோது இரண்டு குழுவிலும் ஏறியிருந்தது. ஒப்பிட ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் உழைப்பு, குளிர்பெட்டி நிறைய ரத்தக் குழாய்கள், எல்லாம் வீண்.

அந்த அம்மா மேல் தப்பே இல்லை. வீட்டுக்காரருக்குப் புற்றுநோய், ஆனால் இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் எந்த வீடும் கையைக் கட்டிக்கொண்டு இருக்காது. அது தெரியாமல் திட்டம் போட்டது நான்.

அமெரிக்காவில் மீல் என்ற ஆய்வை இதோடு வைத்துப் பாருங்கள். கண்காணிப்பில் இருந்த 478 ஆண்கள், இரண்டு வருஷம். ஒரு குழுவுக்குத் தினமும் குறைந்தது ஏழு பங்கு காய்கறி சாப்பிடும்படி போனில் ஆலோசனை, மற்றவர்களுக்கு அச்சடித்த தகவல். காய்கறி அளவிலும் ரத்தத்தில் சேர்ந்த கரோட்டினாய்டுகளிலும் (காய்கறியின் நிறச் சத்துகள்) இரு குழுவுக்கும் தெளிவான இடைவெளி இருந்தது. நோய் முன்னேறுவதில் வித்தியாசம் இல்லை என்று 2020-இல் முடிவு வந்தது. ஏமாற்றம்தான், ஆனால் அவர்களால் "இல்லை" என்று சொல்ல முடிந்தது. எங்களால் அதையும் சொல்ல முடியவில்லை.

இப்போது நான் செய்வது இது: குழுக்களுக்குத் தனித்தனி நாள். கன்ட்ரோல் குழுவுக்கும் அதே அளவு நேரம், அதே அளவு போன், ஆனால் தூக்கம், ரத்த அழுத்தம் என்று வேறு விஷயம். ஆய்வு முடிந்ததும் அதே சமையல் வகுப்பு உங்களுக்கும் உண்டு என்று முதல் நாளே எழுத்தில். ரத்த அளவு இரு குழுவுக்கும், தொடக்கத்திலும் நடுவிலும். நடுவில் பார்த்திருந்தால் நான் மூன்றாம் மாதமே விழித்திருப்பேன்.

சமைப்பவரைக் கூப்பிடாமல் விடுவது

கூப்பிடுங்கள். நாற்காலியும் போடுங்கள்.

முதல் பயாப்ஸியை அப்படியே நம்புவது

ஊசி படாத இடத்தில் கொஞ்சம் மோசமான செல்கள் இருந்திருக்கலாம். அடுத்த பயாப்ஸியில் அவை அகப்பட்டால் உணவு தோற்றுவிட்டது என்று எழுதிவிடுவார்கள். சேர்ப்பதற்கு முன்பே எம்ஆர்ஐயோ உறுதிப்படுத்தும் பயாப்ஸியோ முடிந்திருக்கட்டும்.

"இயற்கைதானே, கெடுதல் வராது"

வைட்டமின் ஈ, செலினியம் மாத்திரைகள் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்த்த செலக்ட் ஆய்வு. 35,000-க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான ஆண்கள். வைட்டமின் ஈ மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது.

மாத்திரை டப்பாவைப் பார்க்காதது

வேறு மாத்திரை எதுவும் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சிறுநீர் தடைக்காக ஃபினாஸ்டெரைடோ டூட்டாஸ்டெரைடோ எடுப்பவருக்கு பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகிவிடும். நடுவில் யாராவது தொடங்கினால் உங்கள் காய்கறிக்கு அந்தப் புகழ் போய்விடும். முடி கொட்டுகிறது என்று மகள் வாங்கிக் கொடுத்த பயோட்டின்கூட சில ஆய்வகக் கருவிகளில் பிஎஸ்ஏயைக் குறைத்துக் காட்டும். வாயால் கேட்காதீர்கள். ரத்தம் எடுக்கும் நாளில் வீட்டிலிருக்கும் டப்பாக்களை அப்படியே பையோடு கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்து எழுதுங்கள்.