பைக்கின் பிளாஸ்டிக் கவரை, கொக்கி உடையாமல் கழற்ற

சிங்கப்பூர் சிலேத்தாரில் அக்கா வீட்டுப் போர்ட்டிகோவில்தான் என் பைக் வேலையெல்லாம். எஞ்சின் ஆறியபின் முதலில் சீட்டைக் கழற்றுங்கள். சில ஸ்குரூ அதன் அடியில் ஒளிந்திருக்கும். ஜப்பானிய பைக்கின் கூட்டல்குறி ஸ்குரூவுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) ஸ்குரூடிரைவரே சரி. சாதாரண பிலிப்ஸ் வழுக்கித் தலையைத் தின்றுவிடும்.

பிளாஸ்டிக் கிளிப்பின் நடு ஊசியை லேசாக உள்ளே அழுத்தினால் பிடி விடும், கிளிப் முழுதாக வெளியே வரும். மாட்டும்போது ஊசியைப் பின்னாலிருந்து தள்ளி மேலே எழுப்பி, கிளிப்பைத் துளையில் வைத்து, ஊசி மட்டமாகும்வரை அழுத்துங்கள்.

அப்புறம் கவர். ரப்பர் வளையத்தில் செருகிய முளை நேராக இழுத்தால் வரும். கொக்கியோ பக்கவாட்டில் நகர்த்தினால்தான் விடும். வரவில்லையா? இழுக்காதீர்கள், எங்கோ இன்னொரு ஸ்குரூ இருக்கிறது. இண்டிகேட்டர் ஒயரையும் கழற்ற மறக்காதீர்கள்.

ஸ்குரூ நீளம் வேறுபடும். அட்டையில் கவர் படம் வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.