ஓடும்போது பாதம் எங்கே ஊன்ற வேண்டும்?

பினாங்கு தண்ணீர்மலையை ஒட்டிய தாவரவியல் பூங்காவில் ஓடப் பழகுகிறவர்கள், குதிகாலை முதலில் ஊன்றுவது தவறு என்ற அறிவுரையை எப்படியும் ஒருநாள் கேட்டுவிடுவார்கள். குதிகால் முதலில் ஊன்றினால் முழங்காலுக்குச் சுமை கூடுகிறது. முன்பாதம் முதலில் ஊன்றினால் அதே சுமை கெண்டைக்காலுக்கும், கெண்டைத் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிநாணுக்கும் இடம் மாறுகிறது. நெடுந்தூரம் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் குதிகாலையே முதலில் ஊன்றுகிறார்கள் என்பதால், வலியில்லாமல் ஓடுகிறவர் தம் முறையை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

உண்மையில் கவனிக்க வேண்டியது, பாதம் உடலுக்கு எவ்வளவு முன்னால் விழுகிறது என்பதைத்தான். முழங்கால் விறைத்து நீண்டிருக்க, பாதம் இடுப்பைவிட வெகுதூரம் முன்னே போய் ஊன்றினால், ஒவ்வோர் அடியும் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும். சமதளத்தில் ஓடும் உங்களைப் பக்கவாட்டிலிருந்து ஒருவரைக் கைப்பேசியில் மெதுவியக்கமாகப் படம்பிடிக்கச் சொல்லுங்கள்; பாதம் தரையைத் தொடும் கணத்தில் முழங்கால் சற்று மடங்கியும், கணுக்கால் ஏறத்தாழ முழங்காலுக்கு நேர்கீழாகவும் இருக்க வேண்டும்.

அப்படி இல்லையென்றால், பாதத்தைத் திருத்த முயலாமல் அடியின் நீளத்தைக் குறையுங்கள். வலக்கால் 30 வினாடியில் எத்தனை முறை ஊன்றுகிறது என்று எண்ணி, அதை 4 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கான அடிகள் கிடைக்கும். வேகத்தைக் கூட்டாமல் அந்த எண்ணிக்கையை மட்டும் 5 விழுக்காடு உயர்த்துங்கள்: 160 என்றால் 168. முதலில் ஒரு நிமிடம் அப்படி ஓடி, பிறகு இயல்பான ஓட்டத்துக்குத் திரும்பி, மறுபடியும் முயலலாம். பலரும் சொல்லும் 180 என்ற எண், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓடிய வீரர்களைப் பார்த்துப் பயிற்றுநர் ஜாக் டேனியல்ஸ் எண்ணிய கணக்கிலிருந்து வந்தது; மெதுவாக ஓடும் நமக்கு அது கட்டளையன்று.

உடல் முன்சாய்வது கணுக்காலிலிருந்து இருக்கட்டும், இடுப்பிலிருந்து வேண்டாம். தோள்கள் தளர்ந்திருந்தால் கைகள் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

பூங்காவிலிருந்து பினாங்கு மலையுச்சிக்குச் செல்லும் ஜீப் பாதையில் இறங்கும்போதுதான் இந்தப் பழக்கம் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. செங்குத்தான அந்தத் தார்ச்சாலையில் பின்னால் சாய்ந்து நீள அடி வைத்தால் தொடைத் தசைகள் இரண்டு நாளைக்கு வலிக்கும். ஆகவே, மிகக் குட்டையான அடிகளாக வைத்து இறங்குங்கள். மழை பெய்திருந்தால் நடந்தே இறங்குவது நல்லது.

முழங்கால் வலிக்காக முன்பாத ஊன்றலுக்கு மாற விரும்புகிறவர்கள், சில வாரங்களுக்குச் சிறு தூரங்களில் மட்டும் பழகி, நாள்தோறும் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியைச் செய்ய வேண்டும். காலையில் எழுந்ததும் குதிநாண் இறுகி வலித்தால் தூரத்தைக் குறையுங்கள்; பாதத்தின் எலும்பில் ஒரே இடத்தை அழுத்தும்போது சுரீரென்று வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.