யோக்யகர்த்தாவில் அவசரப்படாதீர்கள்

ஜாவாவின் யோக்யகர்த்தாவுக்குப் போகிற பலர் காலையில் போரோபுதூர் பௌத்தத் தூபி, நண்பகலில் சுல்தான் அரண்மனை, மாலையில் பிரம்பனான் இந்துக் கோயில் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடக்கப் பார்க்கிறார்கள். போரோபுதூர் நகருக்குள் இல்லை. வடமேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போக வேண்டும். பிரம்பனான் கிழக்கே 17 கிலோமீட்டர். அரண்மனையோ பிற்பகல் தொடக்கத்திலேயே பார்வை நேரத்தை முடித்துவிடும். ஜாவாவில் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே இருட்டிவிடுகிறது. இந்தக் கணக்கைப் போடாமல் கிளம்பினால் பூட்டிய கதவையும் மங்கிய கல்லையும் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். மூன்று நாளாவது ஒதுக்குங்கள்.

அரண்மனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், ஆனால் திங்கட்கிழமை வேண்டாம். 1755இல் கியாந்தி ஒப்பந்தத்தால் மாத்தாராம் அரசு இரண்டாகப் பிரிந்தபோது முதலாம் ஹமெங்குபுவோனோ எழுப்பியது இது. இன்றும் பத்தாம் ஹமெங்குபுவோனோ இங்கேதான் வாழ்கிறார். யோக்யகர்த்தா சிறப்புப் பகுதியின் ஆளுநரும் அவரே. ஆகவே அதை ஓர் அருங்காட்சியகமாக மட்டும் நினைத்து நுழைவது தவறு. ஒருவர் குடியிருக்கும் வீடு என்ற நினைப்போடு நடங்கள்.

முதல் முறை போனபோது வடக்கு மைதானத்தை நோக்கிய பகெலாரான் மண்டபத்தைப் பார்த்துவிட்டு, அரண்மனை இவ்வளவுதான் என்று வெளியே வந்துவிட்டேன். உள் முற்றங்களுக்கு மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும் என்பது மறுநாள்தான் தெரிந்தது. காமெலான் எனப்படும் வெண்கல வாத்தியக் குழுவின் இசையும் நடனமும் காலை வேளைகளில் நடப்பது அந்த உள் முற்றத்தில்தான். கோடு போட்ட கருநீலச் சட்டையும் தலைப்பாகையும் அணிந்து, இடுப்புக்குப் பின்னால் கிரிஸ் கத்தி செருகி, வெறுங்காலுடன் நடக்கும் அரண்மனை ஊழியர்களையும் அங்கே பார்க்கலாம். எதையாவது அவர்களுக்குக் காட்ட வேண்டுமானால் ஆள்காட்டி விரலை நீட்டாதீர்கள். ஜாவாக்காரர்கள் வலக்கைக் கட்டைவிரலால் காட்டுவார்கள். பராங் எனப்படும் சாய்கோட்டு பாத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றிய துணி) சட்டையையும் அரண்மனைக்கு உடுத்திப் போக வேண்டாம். கடைத்தெருவில் யாருக்கும் கிடைக்கிற வடிவம்தான் அது. ஆனால் அரண்மனை மரபில் அரச குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது.

நகரின் கடைவீதியான மாலியோபோரோவில் யாராவது அன்பாகப் பேச்சுக் கொடுத்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, மாணவர்களின் பாத்திக் கண்காட்சிக்கு இன்றுதான் கடைசி நாள்" என்றால் நம்பாதீர்கள். வாசல் வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள்.

பிரம்பனானுக்கு வருவோம். நம்மவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான் என்பதால் எனக்கு மிகுந்த வருத்தம். ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவன் கோயில், 47 மீட்டர் உயரம். பெரும்பாலோர் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கிழக்குப் படிகளில் ஏறி இடப்பக்கம் திரும்பி வலம் வாருங்கள். சுற்றுச்சுவரின் உட்புறம் ராமாயணம் சிற்பமாக ஓடுகிறது. எதிர்த் திசையில் நடந்தால் கதை பின்னோக்கிப் போகும். கம்பனில் இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போகிறான் அல்லவா? இங்கே கதை வேறு மாதிரி. சீதை தன் மோதிரத்தைச் சடாயுவிடம் கொடுக்கிறாள். சாகும் தறுவாயில் சடாயு அதை இராமனிடம் சேர்க்கிறது. சேது கட்டும் காட்சியில் குரங்குகள் போடும் கற்களைக் கடல் மீன்கள் கவ்வுகின்றன. குனிந்து பார்த்தால்தான் தெரியும். வானரப் படை இலங்கைக்குக் கடலைக் கடப்பதோடு சிவன் கோயில் சுவர் முடிந்துவிடுகிறது. மீதிக் கதை பக்கத்திலுள்ள பிரம்மா கோயிலில் தொடர்கிறது. அங்கே ஏறாமல் திரும்புகிறவர் கதையைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறார்.

அறைகளுக்குள்ளே இருட்டு, கைவிளக்கு இல்லாமல் போகாதீர்கள். நடுவில் சிவன், மேற்கில் பிள்ளையார், வடக்கில் துர்க்கை. நம் சிவாலயக் கோஷ்டத்திலும் துர்க்கைக்கு வடக்குதானே! தெற்கில் தட்சிணாமூர்த்தியை எதிர்பார்த்துப் போனால் தாடியும் தொந்தியுமாக அகத்தியர் நிற்கிறார். வழிகாட்டிகள் துர்க்கையை லோரோ ஜோங்ராங் என்ற இளவரசியாகச் சொல்வார்கள். ஓரிரவில் ஆயிரம் சிலை கேட்டு, கடைசி ஒன்றைத் தடுத்ததால் கல்லாகச் சபிக்கப்பட்டவள் என்பது ஊர்க்கதை. "இல்லை, அது துர்க்கை" என்று வாதாட வேண்டாம். இரண்டு பெயரும் அந்தச் சிலைக்கு உரியவை.

இது கைவிடப்பட்ட இடமும் அல்ல. ஜாவா இந்துக்கள் ந்யெபி எனும் மௌனப் புத்தாண்டு நாளுக்கு முந்தைய நாள் இங்கே கூடி வழிபடுகிறார்கள். போரோபுதூரில் பௌத்தர்களின் வைசாக விழா நடக்கிறது. தூபிகளின் மேல் சாய்ந்தும் உட்கார்ந்தும் படம் எடுப்பது எவ்வளவு தவறு என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

போரோபுதூரில் வளாகத்துக்கு ஒரு டிக்கெட், மேலே ஏறுவதற்கு வேறு டிக்கெட். ஏறுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, நேரமும் குறிக்கப்படும்; கல் தேயாமலிருக்க அங்கே தரும் செருப்பைத்தான் அணிய வேண்டும். முன்பதிவு செய்யாமல் போய் ஏமாறாதீர்கள். உச்சியிலுள்ள 72 துளைத் தூபிகளை நோக்கி ஓடாமல், கீழ்ச் சுற்றுகளில் கொஞ்சமாவது நில்லுங்கள். அடித்தளத்தின் தென்கிழக்கு மூலையில் சில கற்களை அகற்றி, மறைந்திருந்த கர்மவிபங்கச் சிற்பங்களைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நல்வினை தீவினைப் பயன்களைச் சொல்லும் 160 பலகைகளில் கண்ணுக்குத் தெரிபவை அந்தச் சிலதான்.

பிரம்பனானுக்குப் போகிற நாளில் கால் வலித்தாலும் வடக்கே சிறிது நடந்து செவு கோயிலையும் பாருங்கள். அதே வளாகம்தான், தனிப்பயணம் வேண்டாம். அது பௌத்தக் கோயில், பிரம்பனானுக்கும் முந்தையது. கூட்டமெல்லாம் சிவன் கோயிலோடு திரும்பிவிடுவதால், வாசலில் கதாயுதத்துடன் உட்கார்ந்திருக்கும் பெரிய துவாரபாலகர்களின் பக்கத்தில் நீங்கள் தனியாக நிற்கலாம்.