பழைய ஸ்பெக்ட்ரமில் புது கேம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தார். டிவி திரை முழுக்கக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். கூடவே ஒரு வரி: “அண்ணா, எஸ்டி கார்டு போர்டைச் செருகினதும் இப்படி ஆயிடுச்சு. கார்டை ஃபார்மட் பண்ணினது தப்பா?”

கார்டில் ஒரு தப்பும் இல்லை. பத்து வருடத்துக்கு முன் என் மேசையிலும் இதே பட்டைகள்தான் வந்தன.

1982-இல் வந்த வீட்டுக் கணினியான சிங்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமுக்கு இன்றும் ஆர்வலர்கள் புதுப்புது கேம்கள் எழுதுகிறார்கள். பெரும்பாலானவை இலவசம். எமுலேட்டரில் (பழைய கணினி மாதிரியே நடிக்கும் மென்பொருள்) ஆடி அலுத்து, நிஜப் பெட்டியில் ஆட வேண்டும் என்ற கிறுக்கு பிடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார்டை ஃபார்மட் செய்வது, டிவியில் சேனல் தேடுவது எல்லாம் எங்கும் கிடைக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மின்சாரம் ஓடும்போது பின்பக்கம் கை வைப்பது

48 கேபி நினைவகம் உள்ள 48கே ஸ்பெக்ட்ரமில் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் கிடையாது. ரீசெட் பட்டன் கிடையாது. ஓடுகிறது என்று காட்ட ஒரு சின்ன விளக்குகூடக் கிடையாது. (அடுத்து வந்த ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸில் ரீசெட் பட்டனாவது கொடுத்தார்கள். இந்தியாவில் டிபி ஸ்பெக்ட்ரம் என்று விற்றது அந்த பிளஸ்தான்.) டிவியை அணைத்துவிட்டால் பெட்டியும் தூங்குகிறது என்று மனம் நினைத்துக்கொள்ளும். பென் டிரைவைச் செருகிப் பழகிய கை, டிவ்எம்எம்சி என்ற எஸ்டி கார்டு போர்டையும் அதே தெனாவட்டில் செருகிவிடும்.

பின்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது யுஎஸ்பி போர்ட் இல்லை. மதர்போர்டின் விளிம்பேதான் அது. ப்ராசஸரின் கம்பிகள் எந்தத் தடுப்பும் இல்லாமல் வெளியே வருகின்றன. அதில் 5 வோல்ட் தடமும் 9 வோல்ட் தடமும் அடுத்தடுத்து இருக்கின்றன. அதற்கு அடுத்தது விளிம்பில் ஒரு வெட்டு, அதைத் தாண்டினால் பூஜ்ய வோல்ட். போர்டைக் கொஞ்சம் சாய்த்துச் செருகினாலே ஒரு நொடிக்கும் குறைவான நேரம் ஒரு தடம் பக்கத்துத் தடத்தைத் தொட்டுவிடும். அது போதும்.

அதன்பின் நடப்பது ஒரு சங்கிலி. உள்ளே டிஆர்4 என்று ஒரு டிரான்சிஸ்டர் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் காயிலோடு சேர்ந்து, வரும் 9 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் தயாரிப்பது அதன் வேலை. முதலில் உயிரை விடுவது அதுதான். முதல் 16 கேபி நினைவகம் எட்டு 4116 சிப்களில் இருக்கிறது. இந்த ரகத்துக்கு மூன்று விதமான மின்னழுத்தம் வேண்டும்: 12, 5, மைனஸ் 5. இதில் மைனஸ் 5 நின்றுபோய் மற்றவை மட்டும் வந்தால் சிப்கள் உள்ளுக்குள் கருகும். திரைக்கான நினைவகமும் அந்த 16 கேபிக்குள்தான் என்பதால், வழக்கமான வெள்ளைத் திரைக்குப் பதில் பட்டை வருகிறது.

இதுவரை சொன்னது பாதித் தவறு. எனக்கு இன்னும் ஆறாதது மீதிப் பாதி.

பட்டையைப் பார்த்தேன். நினைவகம் போய்விட்டது என்று சரியாகவே கண்டுபிடித்தேன். எட்டு 4116 சிப்களைத் தேடி வாங்கினேன். இப்போது யாரும் அவற்றைத் தயாரிப்பதில்லை. பழைய இருப்போ, பழைய போர்டுகளிலிருந்து கழற்றியவையோதான் கிடைக்கும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்து, மின்சாரம் கொடுத்தேன். மறுபடி பட்டை. விரலை வைத்தால் சுட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று மனதுக்குள் அவரைத் திட்டிவிட்டு, வேறொருவரிடம் இன்னும் எட்டு வாங்கினேன். அவையும் போயின. பாவம் அந்தக் கடைக்காரர். டிஆர்4 செத்துக் கிடப்பதைப் பார்க்காமல் பதினாறு நல்ல சிப்களை நானே எரித்திருக்கிறேன். அந்த டிரான்சிஸ்டரின் விலையோ சொற்பம்.

ஆகவே வரிசை இதுதான். சிப்பைக் கழற்றியதும் நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட் வையுங்கள். காலி சாக்கெட்டில் மல்டிமீட்டரால் அளவெடுங்கள்: 1-ஆம் காலில் மைனஸ் 5, 8-ஆம் காலில் 12, 9-ஆம் காலில் 5 வர வேண்டும். மூன்றும் வராதவரை ஒரு சிப்பையும் உள்ளே விடாதீர்கள்.

இந்த நிலை வராமல் இருக்க வேண்டுமா? அடாப்டர் ஒயரைப் பெட்டியிலிருந்தே பிடுங்குங்கள். சுவர் ஸ்விட்சை நம்ப வேண்டாம். எது எதற்கான ஸ்விட்ச் என்று நான் ஒரு முறை குழம்பியிருக்கிறேன். போர்டை நேராகப் பிடித்துச் செருகி, வெட்டு சரியாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி ஒயரைச் செருகுங்கள். கழற்றும்போதும் இதே முறைதான். செருகியபின் போர்டுக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டு முட்டுக் கொடுங்கள். கீ தட்டும்போது பெட்டி ஆடும், போர்டும் ஆடும். இதற்கு முந்தைய இசட்எக்ஸ்81-இலேயே இந்த ஆட்டம் பெயர்போனது. பின்னால் செருகிய 16கே மெமரி பேக் கொஞ்சம் அசைந்தால் தட்டச்சு செய்த அத்தனையும் போய்விடும்.

தம்பி அளந்து பார்த்துச் சொன்னார்: மைனஸ் 5 வரவில்லை. சிப் ஆர்டர் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். “நேத்தே போட்டுட்டேன் அண்ணா.”

அடாப்டர்

ஸ்பெக்ட்ரமுக்கு அடாப்டர் பிளக்கின் நடுவில் மைனஸ். வீட்டில் கிடக்கும் 9 வோல்ட் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ்.

48-ஆ 128-ஆ என்று பார்க்காமல் இறக்குவது

கொனாமியின் காசில்வேனியாவை வைத்து ரசிகர்கள் 2015-இல் வெளியிட்ட ‘காசில்வேனியா: ஸ்பெக்ட்ரல் இன்டர்லூட்’ அருமையான கேம். ஆனால் அது பிறகு வந்த, 128 கேபி நினைவகம் உள்ள 128கே பெட்டிக்கானது. 48கே-இல் அதைப் போட்டுவிட்டு “ஹேங் ஆகுது” என்று மூன்று நாள் கார்டை மாற்றி மாற்றிப் பார்த்தவரை எனக்குத் தெரியும். 48கே-இல் இருப்பது பீப் போடும் ஸ்பீக்கர் மட்டும். இசைக்கான ஏஒய் சிப் 128-இல்தான் வந்தது. சில கேம்கள் இரண்டிலும் ஓடும், 48-இல் பாட்டு மட்டும் வராது. முதலில் கேமோடு வரும் ரீட்மீ குறிப்பைப் படியுங்கள்.

எமுலேட்டரில் ஓடியதே!

எந்த மாடலாக வைத்து ஓட்டினீர்கள்? ஸ்பெக்ட்ரமில் 8க்கு 8 புள்ளிக் கட்டத்துக்கு இரண்டு நிறம்தான். இந்த வரம்பை உடைக்க, ஐனார் சௌகாஸ் எழுதிய நிர்வானா போன்ற எஞ்சின்கள், டிவி கோடு கோடாக வரையும்போதே நிறத்தை மாற்றிக்கொண்டு போகின்றன. 48கே-இல் ஒரு கோட்டுக்கு 224 கடிகாரத் துடிப்பு, 128-இல் 228. ஒரு பிரேமுக்கு 69,888, மற்றதில் 70,908. இந்தக் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் நிறம் வழியும். ரஷ்யாவில் பரவிய பென்டகன் என்ற ஸ்பெக்ட்ரம் நகலில் கணக்கே வேறு. நான் எமுலேட்டரைத் தெரியாமல் பென்டகனில் விட்டு ஒரு கேமை மெச்சி நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். நிஜப் பெட்டியில் அது மழையில் நனைந்த கோலம் மாதிரி இருந்தது.

போனிலிருந்து லோட் செய்வது

எஸ்டி கார்டு போர்டு இல்லாதவர்கள் கேமை ஒலியாக மாற்றி, போனின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து ஸ்பெக்ட்ரமின் இயர் சாக்கெட்டுக்கு விடலாம். ஈக்வலைசரை அணையுங்கள், ஒலியை முழுசுக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஒரு முழு 48கே கேமுக்கு ஐந்து நிமிடம் போல ஆகும். நாலே முக்காலாவது நிமிடத்தில் அம்மா கூப்பிட்டார்: சாப்பிட்டியா என்று. திரையில் ‘டேப் லோடிங் எரர்’.

கீபோர்டு ரிப்பன்

பெட்டியைத் திறக்கும்போது மேல்மூடியை விசுக்கென்று தூக்காதீர்கள். மூடியில் இருக்கும் கீபோர்டின் மெம்பிரேனை (கீகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தாள்) மதர்போர்டோடு இணைக்கும் ரிப்பன் 40 வயது பிளாஸ்டிக், முறியும். புது மெம்பிரேன் இப்போதும் செய்து விற்கிறார்கள். வாங்கி வைத்துக்கொண்டு திறங்கள்.