குருத்தெலும்பு உள்வைப்புச் சோதனை: பூஜ்யம் எங்கே தொடங்குகிறது?

சென்ற மாதம் ஓர் இளம் ஆய்வாளர் தம் வரைபடத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்தார். முழங்கால் குருத்தெலும்புக்கு மாற்றாக அவர் உருவாக்கிய ஹைட்ரோஜெல்லின் (நீர் நிறைந்த மென்மையான பொருள்) அமுக்கச் சோதனை அது. தகைவு-திரிபு வளைகோடு (பரப்பால் வகுத்த விசைக்கு எதிரே, தடிமனில் எத்தனை பங்கு நசுங்கியது என்ற கோடு) முதல் பாதியில் தரையோடு தரையாக ஊர்ந்து, பிறகு திடீரென்று நிமிர்ந்திருந்தது. "தொடக்கத்தில் மென்மையாக இருந்து பிறகு இறுகுகிறது, இயற்கைக் குருத்தெலும்பைப் போலவே" என்றார் முகமெல்லாம் மலர்ச்சியாக. பல ஆண்டுகளுக்கு முன் கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை நானும் ஓர் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். துண்டை வாங்கிப் பக்கவாட்டில் பார்த்தேன். மேற்பரப்பு கோணல். வளைகோடு நிமிர்ந்த இடத்தில்தான் கருவியின் தட்டு அதை முழுமையாகத் தொட்டிருக்கிறது.

கருவியை அளவுத்திருத்தம் செய்யுங்கள், மாதிரியைக் காயவிடாதீர்கள், குப்பியில் பெயரெழுதி ஒட்டுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை ஆய்வகச் சுவரிலேயே எழுதியிருக்கும்.

தொடாததைத் தொட்டதாக எண்ணுவது

முழங்கால் குருத்தெலும்பின் தடிமன் பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மி.மீ. வரைதான். அதற்கு மாற்றாகப் பொருத்தும் உள்வைப்பும் ஏறத்தாழ அவ்வளவே. இத்தனை மெல்லிய பொருளில் எல்லாக் கணக்கும் இரண்டு எண்களைப் பிடித்துத் தொங்குகிறது: மாதிரியின் தடிமன், தட்டு அதைத் தொட்ட இடம்.

6 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள வட்டத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெட்டும்போது கத்தி 2 பாகை சாய்ந்துவிட்டது. வெறுங்கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஆனால் ஒரு விளிம்புக்கும் எதிர் விளிம்புக்கும் உயர வேறுபாடு 0.2 மி.மீ. வந்துவிடுகிறது. நாம் கொடுக்கப்போவது 10 சதவீதத் திரிபு, அதாவது அதே 0.2 மி.மீ. தட்டு முழுப் பரப்பையும் தொட்டு முடிக்கும் நொடியில் சோதனையும் முடிந்துவிடுகிறது! ஒரு பக்கம் மட்டும் தாங்கிய விசையை முழுப் பரப்பால் வகுத்து, ஒரு குணகத்தையும் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) எழுதிவிடுகிறோம்.

லோடு செல் (விசையை அளக்கும் உணரி) பெரிதாக இருந்தால் தவறு மறுபக்கமாகத் திரும்பும். 500 நியூட்டன் தாங்கும் செல்லில் அரை நியூட்டன் இரைச்சல் இருந்தால் முதல் தொடுகை அதற்குள் புதைந்துபோகும். நம் துண்டின் பரப்பு 28 சதுர மி.மீ.; அதன்மேல் அரை நியூட்டன் என்றால் சுமார் 18 கிலோபாஸ்கல். பொருளின் குணகம் 100 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், தொட்டுவிட்டதாகக் கருவி சொல்லும்போது துண்டு ஏற்கெனவே 18 சதவீதம் நசுங்கிக் கிடக்கிறது.

இதில் நான் தொலைத்தது நான்கு மாதங்கள். இரண்டு தொகுதி ஜெல். இரண்டாவதற்குக் குறுக்குப் பிணைப்பு (மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று கட்டும் வினை) நேரம் கூடுதல். இரண்டாவதன் குணகம் ஏறத்தாழ இரட்டிப்பாக வந்தது. மறுபடி செய்தேன், மறுபடியும் இரட்டிப்பு. புள்ளியியல் சோதனைகளும் தலையாட்டின. பிறகு ஒருநாள் வார்ப்புக் குறிப்பேட்டைப் புரட்டியபோது கண்ணில் பட்டது: முதல் தொகுதியைத் திறந்த குழிகளில் வார்த்திருக்கிறேன், இரண்டாவதைக் கண்ணாடித் தகடு மூடி வார்த்திருக்கிறேன். திறந்த குழியில் திரவம் சுவரைப் பிடித்து ஏறும். உறைந்தபின் விளிம்பு உயர்ந்து நடு குழிந்த கிண்ணம்தான் கிடைக்கும். வெர்னியர் விளிம்பை அளந்தது. தட்டும் முதலில் விளிம்பைத்தான் தொட்டது. இரண்டு தொகுதியையும் மூடி வார்த்தபோது வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. நான் நான்கு மாதம் ஆராய்ந்தது கண்ணாடி மூடியின் விளைவை. இன்றைக்கும் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் துண்டை ஒருமுறை பக்கவாட்டில் படம் எடுத்திருந்தாலே போதும்.

இப்போது என் வழக்கம் இது. ஜெல்லை மூடி வார்ப்பேன். திசுவை இணையான இரட்டைக் கத்தியால் வெட்டுவேன். 10 நியூட்டன் லோடு செல். முதலில் வெறும் அடித்தட்டைத் தொட்டு அந்த இடத்தைக் குறித்துக்கொள்வேன். பிறகு மாதிரியைத் தொடுவேன். இரண்டுக்கும் உள்ள தூரமே தடிமன். 0.05 நியூட்டன் போன்ற சிறிய முன்சுமை கொடுத்து, அது தளர்ந்து நிலைத்தபின் அங்கிருந்து திரிபை எண்ணப் பூஜ்யம் வைப்பேன். எந்த அளவில் வைத்தேன் என்பதை முடிவுகளோடு எழுதுவேன். சாய்வு இருக்கிறதா என்ற ஐயம் வந்தால் துண்டை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி படம் எடுங்கள்: சாய்வும் கூடவே திரும்பினால் கோளாறு துண்டில், திரும்பாவிட்டால் தட்டில்.

நுண்ணிய செல்லுக்கும் ஒரு குறும்பு உண்டு. மாதிரி மூழ்கியிருக்கும் கரைசலின் மேற்பரப்பைத் தட்டு தொடும்போதே பரப்பு இழுவிசையால் எண் துள்ளும். அதையே மாதிரி என்று நம்பி, வெறும் தண்ணீரை அமுக்கி முடித்தவரை நான் பார்த்திருக்கிறேன். தட்டை மூழ்கவைத்த பிறகே செல்லைப் பூஜ்யமாக்குங்கள்.

காத்திருக்க மனமில்லாமை

குருத்தெலும்பின் எடையில் 65 முதல் 80 சதவீதம் நீர். திடீரென்று அமுக்கினால் முதலில் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் அந்த நீரின் அழுத்தமே. நீர் மெல்லக் கசிந்து விலக விலகத்தான் சுமை திடச் சட்டகத்துக்கு மாறுகிறது. வான் மௌவும் உடன் பணியாற்றியவர்களும் 1980இல் வெளியிட்ட இருநிலைக் கோட்பாட்டின் சாரம் இதுதான். நீர் வெளியேறும் திசையில் அது கடக்க வேண்டிய தொலைவு இரட்டித்தால் காத்திருக்கும் நேரம் நான்கு மடங்காகும். மேலும் கீழும் மட்டுமே நீர் கசியும் அமைப்பில் அந்தத் தொலைவைத் தீர்மானிப்பது தடிமன்தான். 1 மி.மீ. துண்டுக்குப் போதுமாக இருந்த நேரத்தை 2 மி.மீ. துண்டுக்கும் வைத்துக்கொண்டால், சமநிலை என்று நீங்கள் எழுதும் எண் பாதிவழியில் பிடித்த எண்.

இதைவிட மோசமானது, தம் உள்வைப்பின் உடனடிக் குணகத்தை (அமுக்கிய கணத்தில் அளந்தது) இயற்கைக் குருத்தெலும்பின் சமநிலைக் குணகத்தோடு (நீர் கசிந்து முடிந்தபின் அளந்தது) ஒப்பிட்டுப் பொருத்தம் பார்ப்பது. ஒரே திசுவில்கூட இரண்டுக்கும் பல மடங்கு வேறுபாடு உண்டு.

காய்ச்சி வடித்த நீர்

மாதிரியை அதில் மூழ்கவைக்க வேண்டாம். திசுவிலுள்ள எதிர்மின்னூட்டங்களால் அது ஊதிவிடும். 0.15 மோலார் உப்புக் கரைசல் போதும்.

ஒரே மூட்டிலிருந்து பன்னிரண்டு துண்டுகள்

பன்னிரண்டும் ஒரே மூட்டின் துண்டுகள்; புள்ளியியலுக்கு மாதிரி எண்ணிக்கை ஒன்று.

பசை

துண்டை ஒட்டும் சயனோஅக்ரிலேட் (நொடியில் ஒட்டும் பசை) அதன் நுண்துளைக்குள் இறங்கினால் பசையின் விறைப்பும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

உராய்வின் முதல் நிமிடம்

நீரழுத்தம் இருக்கும்வரை உராய்வுக் குணகம் அருமையாகத்தான் இருக்கும். தொடர்ந்து அழுத்தி வைத்து, நீர் கசிந்தபின் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

தனியாகவே சோதித்து முடிப்பது

உள்வைப்பு உடலுக்குள் தனியாக வாழ்வதில்லை. அதைச் சுற்றி இயற்கைக் குருத்தெலும்பு, அடியில் எலும்பு, எதிரே உரசும் இன்னொரு பரப்பு. தட்டுகளுக்கிடையே நல்ல எண் கொடுத்த பொருள், குழியில் பொருத்தியதும் விளிம்பில் பிளவுபடுவது புதிதல்ல. சுற்றுப்புறத்தைவிட உயர்ந்து நின்றால் சுமை அதன் தலையில் குவியும். தாழ்ந்து கிடந்தால் குழியின் விளிம்புக் குருத்தெலும்பு அடி வாங்கும். எனவே தனிச் சோதனைக்குப் பிறகு, குழி வெட்டிய விலங்கு மூட்டில் பொருத்திச் சுழற்சிச் சுமை கொடுத்துப் பாருங்கள். உயர வேறுபாட்டை நான்கு திசைகளிலும், சோதனைக்கு முன்னும் பின்னும் அளந்து வையுங்கள். ஆயிரக்கணக்கான சுழற்சிகளுக்குப் பின் உள்வைப்பு எவ்வளவு அமிழ்ந்தது, எந்தப் பக்கமாகச் சாய்ந்தது என்பதுதான் அறுவை மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி. குணகத்தை அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.