புது கேம் வாங்கும் முன்: டிஸ்க், ரீஃபண்ட், விமர்சனம்

பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்சோலுக்கு சோனி வெளியிடும் சொந்தக் கேம்கள் இந்தியாவில் பெரும்பாலும் ₹4,999. இப்போதே வாங்குவதா, ஆஃபர் வரட்டும் என்று இருப்பதா என்று மண்டையைக் குடையும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: டிஸ்க்கா, டிஜிட்டலா? டிஜிட்டல் என்றால் காத்திருந்தால்தான் மிச்சம். டிஸ்க் அப்படியே நேர்மாறு. வெளியான வாரமே வாங்கி, மளமளவென்று முடித்து, சந்தையில் விலை இறங்குவதற்குள் கைமாற்றுபவருக்குத்தான் லாபம்.

கணக்கு எளிது. ₹4,999-க்கு வாங்கியதை மூன்றே வாரத்தில் ₹3,500-க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். கையை விட்டுப் போனது ₹1,499. டிஜிட்டலில் அதே செலவில் முடிய வேண்டுமென்றால் 70% தள்ளுபடி வர வேண்டும். பெரிய கேம்களுக்கு முதல் வருடத்தில் அது அரிது. ஆனால் இந்தக் கணக்கு இருபது, முப்பது மணி நேரத்தில் கதை முடியும் கேமுக்குத்தான் பொருந்தும். நண்பர்களோடு மாதக்கணக்கில் ஆடும் கேமை விற்கப்போவதில்லை, அதற்கு டிஜிட்டலே வசதி.

சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் டிஸ்க் எடுக்கப் போனால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். டிஸ்க்கை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் மெல்லிய கீறல் பெரும்பாலும் தொல்லை தராது. வட்டத்தோடு சேர்ந்து வளையும் கீறல்தான் ஆபத்து, தொடர்ச்சியாகப் பல தகவல்களை அது அடித்துவிடும். "பாலிஷ் போட்டா சரியாயிடும் சார்" என்றால் நம்பாதீர்கள். டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும், பிஎஸ்5 டிஸ்க் வகையான ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீட்டர். தேய்க்க அங்கே இடமே இல்லை.

பெட்டிக்குள் இருக்கும் ரிடீம் கோட் எண் ஒருமுறைதான் வேலை செய்யும், அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். டிஸ்க் எந்தப் பகுதிக்கானது என்றும் பாருங்கள். அமெரிக்க டிஸ்க் இங்கே ஓடும், ஆனால் இந்திய அக்கவுண்ட்டில் வாங்கிய டிஎல்சி (கேமுக்கான கூடுதல் உள்ளடக்கம்) அதோடு சேராமல் போகலாம். டிஸ்க் கையில் இருந்தால் கேம் முழுக்கக் கையில் இருக்கிறது என்பதும் எப்போதும் உண்மையில்லை. 2022-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2-இன் பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பிதான், மிச்சமெல்லாம் டவுன்லோடு. 100 ஜிபி கேமை 100 எம்பிபிஎஸ் லைனில் இறக்க, வேகம் குறையாமல் இருந்தாலே இரண்டே கால் மணி நேரம் ஆகும்.

பிசியில் ஆடுபவருக்கு டிஸ்க்கை விற்கும் வழி கிடையாது, பிசி கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமின் ரீஃபண்ட்தான் கவசம். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள். இந்த இரண்டு மணி நேரத்தைத் திட்டமிட்டுச் செலவழிக்க வேண்டும். ஷேடர் (காட்சிகளை வரையும் சின்ன நிரல்கள்) தயாராகும் வரை மெனுவில் காத்திருப்பதும் அதில் சேரும். 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்தபோது பலருக்கு ரீஃபண்ட் நேரத்தில் பெரும்பங்கு அந்தக் காத்திருப்பிலேயே கரைந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் பாஸ் போட்டுவிட்டு எழுந்திருக்காதீர்கள், அந்த நேரமும் ஓடும். கேமை மூடிவிட்டுப் போங்கள். முதல் அரை மணியில் செட்டிங்ஸ், அடுத்து கூட்டமான ஊர், மழை, பெரிய சண்டை என்று கணினியைத் திணறடிக்கும் இடங்களுக்குப் போங்கள். ஒன்றே முக்கால் மணியில் முடிவெடுத்துவிடுங்கள்.

பிளேஸ்டேஷன் ஸ்டோர் இவ்வளவு தாராளமில்லை. டவுன்லோடு தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருந்தாலொழிய பணம் திரும்பாது. ப்ரீ-ஆர்டர் போட்டால் ஆட்டோ டவுன்லோடை அணைத்து வையுங்கள்.

இனி விமர்சனங்கள். ஸ்டீமில் சிவப்பாகத் தெரிவதை மட்டும் பார்த்து ஒதுக்கினால் நல்ல கேம்கள் தவறிப்போகும், நீலத்தை நம்பிப் பாய்ந்தால் பணம் போகும். எதிர்மறை விமர்சனங்களில் இருபதைத் திறந்து, எதற்காகத் திட்டுகிறார்கள் என்று பிரியுங்கள். ஃப்ரேம் ரேட் (காட்சி தடங்காமல் ஓடும் வேகம்) என்றால், எழுதியவரின் கிராஃபிக்ஸ் கார்டு உங்களுடையதுக்கு மேலா கீழா என்று பாருங்கள். மேல் என்றால் பிழை திருத்தும் அப்டேட்டான பேட்ச் இரண்டு மூன்று வரும் வரை பர்ஸைத் திறக்க வேண்டாம். காசு பிடுங்குகிறார்கள் என்பது வேறு வகை. 2024 மார்ச்சில் டிராகன்ஸ் டாக்மா 2 வந்த அன்றுதான் அதிலிருந்த, கேமுக்குள்ளேயே காசுக்குப் பொருள் விற்கும் மைக்ரோ டிரான்ஸாக்‌ஷன் வாங்கியவர்கள் கண்ணில் பட்டது. வசவு மழை பொழிந்தது. விற்ற பொருள்களில் பலவும் ஆடும்போதே கிடைப்பவைதான், ஆனால் கோபம் நியாயமானது: முழு விலை வாங்கிவிட்டு மேலே கடை விரித்தால் யாருக்குத்தான் எரியாது?

மூன்றாவது வகை, அக்கவுண்ட் சண்டை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 பிசியில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் (பிஎஸ்என்) அக்கவுண்ட் கட்டாயம் என்றதும் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன, சில நாளில் சோனி பின்வாங்கியது. பிஎஸ்என் இல்லாத நாடுகளில் அது விளையாடவே முடியாத பிரச்சினை, இங்கே ஒரு லாகின் கூடுதல், அவ்வளவுதான். வெளியீட்டுக்கு முன் வரும் புகழாரத்தில் எந்த மெஷினில் ஆடினார்கள் என்று தேடுங்கள். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077-க்கு முன்கூட்டி வந்தவை பிசி விமர்சனங்கள். பிஎஸ்4-இல் அதன் கோலம் தெரிந்தபின், வெளியான ஒரு வாரத்திலேயே சோனி தன் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. மூன்று வருடம் பொறுத்தவர்களுக்கு கூடுதல் கதையான ஃபேன்டம் லிபர்ட்டியும் சேர்ந்த அல்டிமேட் எடிஷன் கிடைத்தது.

டீலக்ஸ் எடிஷன் பெரும்பாலும் தேவையில்லை. சில நாள் முன்னதாக ஆடலாம் என்பதற்காகக் காசு கொடுப்பது பேட்ச் வராத கேமுக்குக் கூடுதலாகக் கொடுப்பதுதான். அந்த முன்கூட்டிய நேரமும் ஸ்டீமின் இரண்டு மணிக் கணக்கில் சேரும். ஒரே கன்சோலுக்கான தனி உள்ளடக்கமும் பலநேரம் கொஞ்ச காலத்துக்குத்தான்: ஹாக்வார்ட்ஸ் லெகசியில் பிளேஸ்டேஷனுக்கு மட்டும் என்ற குவெஸ்ட் (ஆட்டத்தில் ஒரு பணி) 2024-இல் மற்றவர்களுக்கும் வந்தது.

முழு கேமே எக்ஸ்க்ளூசிவ் என்றால் யாருடையது என்பதே கேள்வி. காட் ஆஃப் வார் 2018 ஏப்ரலில் பிஎஸ்4-இல் வந்து 2022 ஜனவரியில்தான் பிசிக்கு வந்தது. அதன் அடுத்த பாகமான ராக்னராக்குக்கு 22 மாதம், ஸ்பைடர்மேன் 2-க்கு 15 மாதம். நின்டெண்டோ தன் மரியோவை, ஸெல்டாவைப் பிசிக்கு விடுவதில்லை. அதற்கு அவர்களின் ஸ்விட்ச் கன்சோல்தான் வேண்டும். இங்கே அது பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு, எனவே பில்லில் கடைக்காரர் எத்தனை மாத வாரண்டி எழுதித் தருகிறார் என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக நேரம். பிசி கேம்கள் பல பசிபிக் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். கோடையில் நமக்கு இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. ப்ரீலோடு (முன்கூட்டியே டவுன்லோடு) செய்திருந்தாலும் ஸ்டீம் பூட்டிய கோப்புகளை அந்த நேரத்தில்தான் பிரிக்கும், ஹார்ட் டிஸ்க் என்றால் வெகுநேரம் இழுக்கும். எஸ்எஸ்டியில் போட்டு, கேமின் அளவுக்கு இன்னொரு மடங்கு இடம் காலியாக வைத்துவிட்டு உட்காருங்கள்.