ஜியோபொலிமர் ஆய்வில் மாதங்களை விழுங்கும் தவறுகள்

சீமெந்துக்கு மாற்றாக, நிலக்கரிச் சாம்பலைக் காரக் கரைசலால் பிணைத்துப் பெறும் ஜியோபொலிமர் கலவையைச் செய்து பார்க்க வரும் இளையவர்கள், திருகோணமலையில் நான் முன்பு செய்த பிழைகளை ஏறத்தாழ அதே வரிசையில் செய்வதைக் கண்டே இதை எழுதுகிறேன். கையுறை அணிவதையும், காரத்தைத்தான் தண்ணீரில் இட வேண்டும் என்பதையும் எந்தக் கைந்நூலும் சொல்லும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

திறந்து கிடந்த காஸ்டிக் சோடா

நுரைச்சோலை அனல்மின் நிலையச் சாம்பலில் உள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் கரைத்துப் புதிய வலையமைப்பாகப் பிணைய வைப்பது காரக் கரைசலே; அதன் செறிவு பிழைத்தால் மற்றவை எல்லாம் பிழைக்கும். அந்தக் கரைசலுக்கான காஸ்டிக் சோடாவோ (சோடியம் ஐதரொட்சைட்டு) காற்றிலுள்ள ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் பொருள்.

ஓர் ஐப்பசியில், உட்துறைமுகத்தைப் பார்த்த யன்னலின் கீழே, மூடி சரியாகத் திருகப்படாத வாளியிலிருந்து அதை எடுத்தேன். செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரங்களில் வெண்மா பிடித்திருந்தன. கரண்டியால் குத்தி உடைத்து, 400 கிராம் நிறுத்து, குறிப்பேட்டில் ‘10 மூலர்’ என்று எழுதிவிட்டேன் (ஒரு லீற்றர் கரைசலில் 40 கிராம் காஸ்டிக் சோடா இருந்தால் அதன் செறிவு 1 மூலர்). நிறுத்ததில் பத்தில் ஒரு பங்கு ஈரமாக இருந்தாலே அது 9 மூலர்தான். போதாக்குறைக்கு, கரைசல் ஒரு லீற்றராகும்வரை தண்ணீர் சேர்ப்பதற்குப் பதிலாக, ஒரு லீற்றர் தண்ணீரிலேயே செதிலைக் கொட்டியிருந்தேன்.

ஏழாம் நாளில் கனசதுரங்கள் நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தன. நான் சாம்பலைச் சந்தேகித்தேன். லொறிக்கூலி கொடுத்துப் புத்தளத்திலிருந்து வேறு மூடைகளை வரவழைத்தேன். காரத்தோடு சேர்க்கும் சோடியம் சிலிக்கேற்றின் விகிதத்தை மூன்று முறை மாற்றினேன். மாரி முடிந்தபோது கையில் இருந்தவை உடைந்த கட்டிகளும், ஒன்றுக்கும் உதவாத ஓர் அட்டவணையும் மட்டுமே. வாளி அந்த மூலையிலேயே இருந்தது.

அரைமணி நேர நியமிப்பு (செறிவு தெரிந்த அமிலத்தால் காரத்தை நடுநிலையாக்கி அளப்பது) இதையெல்லாம் தவிர்த்திருக்கும். கரைசலில் 10 மில்லிலீற்றரை ஒரு லீற்றராக ஐதாக்கி, அதில் 25 மில்லிலீற்றரை 0.1 மூலர் ஐதரோகுளோரிக் அமிலத்தால் நியமியுங்கள். கரைசல் உண்மையில் 10 மூலராக இருந்தால் 25 மில்லிலீற்றர் அமிலம் செல்லும். ஐதாக்காமல், நியமிப்பின் முடிவைக் காட்டும் நிறங்காட்டியான பினோத்தலீனை இட்டால், கடுங்காரத்தில் இளஞ்சிவப்பு தோன்றி மங்கி மறைந்துவிடும். அதைக் கண்ட மாணவர் ஒருவர், “இதில காரமே இல்ல, சேர்” என்றார்.

பினோத்தலீனின் முடிவுக்குப் பின் மெதைல் செம்மஞ்சள் என்ற மற்றொரு நிறங்காட்டியை இட்டுத் தொடரும்போது மேலும் கணிசமான அமிலம் சென்றால், காபனேற்று கலந்திருக்கிறது என்று பொருள். அந்த மேலதிக அளவை முதல் அளவிலிருந்து கழித்தால் வருவதே உண்மையான காரம். இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது, செறிவு எவ்வாறு சரிபார்க்கப்பட்டது என்ற ஒரு வரிகூட இல்லாமல் ‘10 மூலர்’ என்று மட்டும் எழுதி என் மேசைக்கு வரும் அறிக்கைகள்தான்.

அலுமினிய அச்சு

வேண்டாம். காரம் அதை அரித்து ஐதரசனை வெளிவிடும்.

இறுகுகிறதே என்று தண்ணீர் ஊற்றுவது

சீமெந்து நீரேறும்போது தண்ணீரின் ஒரு பகுதி விளைபொருளிலேயே பிணைந்துவிடும். இங்கே பெரும்பகுதி வெளியேறித் துளைகளையே விட்டுச்செல்லும். நீங்கள் ஊற்றும் கூடுதல் நீர் காரத்தின் செறிவையும் குறைத்துவிடும்.

மூடாமல் சூடாக்குவது

60 முதல் 80 பாகை செல்சியசில் ஒரு நாள் வைப்பது வழக்கம். அச்சை இறுக மூடியே கனலடுப்பில் வையுங்கள். ஊர் வெயில் இதற்குப் போதாது.

காபன் கணக்கை அரைகுறையாக முடிப்பது

சீமெந்துக்குச் செய்வதுபோலச் சுண்ணாம்புக்கல்லைச் சுடவில்லை என்பதால் காபனீரொட்சைட்டே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். சோடியம் சிலிக்கேற்று பொதுவாக மணலையும் சோடியம் காபனேற்றையும் 1000 பாகைக்கு மேல் உருக்கிச் செய்யப்படுகிறது. அந்தக் காபனேற்றும் தன் பங்குக்குக் காபனீரொட்சைட்டை விடுகிறது. அந்த உலை எரிக்கும் எரிபொருளும் உங்கள் கணக்கில் வர வேண்டும்.